புகையான் விழுந்த வருஷம்

பூச்சி மருந்தின் வாசனை நம் ஊர்களுக்குள் முதன்முதலாக நுழைந்த காலம் உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். அழுகிய பூண்டையும் மண்ணெண்ணெயையும் ஒன்றாகக் கிளறிவிட்ட மாதிரி இருக்கும். சட்டையில் ஏறினால் இரண்டு தடவை துவைத்தாலும் போகாது. போன மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது, வழக்கமான சர்க்கரை அளவும் கண் ஆபரேஷனும் பேசி முடித்துவிட்டு, பழைய விவசாயத்துக்கு வந்தோம். 'அப்பல்லாம் மருந்தே கெடையாது, எல்லாம் சுத்தமா இருந்துச்சு' என்றார் ஒருவர். நம் வயதுக்காரர்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் வளர்ந்ததே மருந்தோடுதான். அவரிடம் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. வலங்கைமானுக்குத் தெற்கே, வாய்க்கால் முடிகிற கடைமடையில் எங்கள் ஊர். எங்கள் தெரு ஊரை விட்டுத் தள்ளி இருந்தது. அப்பா பண்ணையாரிடம் பரம்பரையாக வேலை பார்த்த குடும்பத்துப் பிள்ளை. என்ன மனசு வந்ததோ, நான் பிறந்த வருஷம் பண்ணையார் அவருக்கு ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். எல்லா வயலுக்கும் பாய்ந்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர் வந்து தேங்குகிற பள்ளம் அது. வேறு யாரும் கேட்காத நிலம். மூன்று பக்கமும் பண்ணையின் வயல்கள், நாலாவது பக்கம் வடிகால்.

ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. டீக்கடை பெஞ்சில் கரைவேட்டிகள் உட்கார்ந்திருக்கும். களத்துமேட்டில் சிவப்புக் கொடி பறக்கும். கூலியை வைத்து ஒவ்வொரு நடவுக்கும் ஒவ்வொரு அறுப்புக்கும் தகராறு. பக்கத்து ஊர்களில் நடந்ததைப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், நாங்கள் கிட்டே போனால் நிறுத்திவிடுவார்கள். குத்தகைக்காரன் பெயரை சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று அப்போது ஒரு சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் அசைக்க முடியாது. அதனால் ஏறுவதற்கு முன்பே ஆளைக் கிளப்பிவிடப் பண்ணைகள் வழி தேடிக்கொண்டிருந்தன. இது எனக்குப் பின்னால் புரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், பண்ணையின் நிலபுலன்களை மேற்பார்க்கிற காரியக்காரர் எங்கள் வரப்பில் நடந்து போனால் அம்மா கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு அவர் முதுகு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பாள் என்பதுதான்.

எங்கள் வயல் பார்ப்பதற்கு அழகாக இருக்காது. பண்ணை வயல்களுக்கு மூட்டை மூட்டையாக யூரியா வரும், பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும். நாங்கள் வடிகால் கரையில் கிடைத்த பூவரசந்தழை, எருக்கு, கொளுஞ்சி எல்லாவற்றையும் கட்டாகக் கொண்டுவந்து சேற்றில் மிதிப்போம். தழை அழுகும்போது ஒரு புளித்த வாசனை வரும், கால் இடுக்கில் அரிக்கும். நட்ட பிறகு தண்ணீரின் மேல் பச்சையாகப் பாசி படரும். நான் அதில் விரலால் என் பெயரை எழுதுவேன், எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்து மூடிக்கொள்ளும். வயலின் தாழ்ந்த மூலையில் அம்மா இடுப்பளவுக்கு ஒரு குழி வெட்டி வைத்திருந்தாள். தண்ணீர் வற்றும்போது கெண்டையும் கெளுத்தியும் குறவையும் அதில் வந்து சேரும். வரப்பில் நண்டு, ஓரத்தில் நத்தை. அரிசி இல்லாத நாட்கள் எங்கள் வீட்டில் நிறைய உண்டு, ஆனால் குழம்பு இல்லாத நாள் குறைவு.

அந்த வருஷம்தான் ஊருக்குப் புது கிராம சேவக் வந்தார். விவசாய இலாகா உத்தியோகஸ்தர், எல்லோருக்கும் 'சேவக் சார்'. இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். தரங்கம்பாடிப் பக்கத்து வேதக்காரர். ஒல்லி, தடித்த கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜெபத்துக்கு சைக்கிளில் போவார். தங்க இடமில்லாமல் பண்ணையார் வீட்டு வண்டிக்கொட்டகையை ஒட்டிய அறையில் தங்கியிருந்தார், சாப்பாடும் அங்கேதான். அது போதாதா? எங்கள் தெருவுக்கு அவர் பண்ணையின் ஆள். எங்கள் அப்பாவை அவர் 'நீங்க' என்று மரியாதை போட்டுப் பேசியதைக்கூட, காரியம் ஆவதற்காகக் குழைகிறார் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

குறுவை அறுத்துவிட்டு நட்ட தாளடிப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு லேசாகத் தெரிந்தது. உடனே மருந்தடிக்க வேண்டும் என்று சேவக் சார் வீடு வீடாகச் சொன்னார். எங்கள் தெரு ஆட்கள் கூலித் தகராறில் வேலைக்குப் போகாமல் இருந்ததால், பண்ணையார் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார். வாய்க்கால் மதகடியில் ஒரு பீப்பாயை வைத்து மருந்தை ஊற்றுவார்கள். தெளிந்த மருந்து தண்ணீரில் விழுந்ததும் பால் மாதிரி வெளுக்கும். அதைப் பார்க்கவே நாங்கள் கூட்டமாகப் போய் நிற்போம். முதுகில் மெஷினைக் கட்டிக்கொண்டு அவர்கள் அடித்துக்கொண்டே போனால் பின்னால் ஒரு வெள்ளைப் புகை எழுந்து மெதுவாக அடங்கும்.

மறுநாள் வாய்க்காலில் கெண்டைகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. நண்டுகள் வரப்பில் ஏறி, போகத் தெரியாமல் நடுங்கிக்கொண்டு நின்றன. பிள்ளைகள் பாவாடையிலும் துண்டிலும் அள்ளினோம். அம்மா பார்த்துவிட்டு எல்லாவற்றையும் மண்ணில் கொட்டச் சொன்னாள். கொட்டினேன். ஆனால் மதகடியில் கிடந்த ஒரு காலி மருந்து டப்பாவை மட்டும் கொட்டவில்லை. அலுமினிய டப்பா, திருகு மூடி, கண்ணாடி மாதிரி பளபளப்பு. எங்கள் வீட்டில் அவ்வளவு அழகான பொருள் எதுவும் கிடையாது. வாய்க்கால் தண்ணீரில் நாலு தடவை அலசி, கொல்லைப்புறத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

மூன்று வயதுத் தங்கச்சி அதில் தண்ணீர் மொண்டு குடித்திருக்கிறாள்.

வாயில் எச்சில் நிற்காமல் வழிந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அவள் கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணிலேயே இருக்கிறது. அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார், அம்மா பின்னாலேயே ஓடினாள். கும்பகோணம் ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். அந்த நாலு நாளும் நான் பக்கத்து வீட்டில் இருந்தேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அம்மா திரும்பி வந்ததும் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டி டப்பாவைப் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, எனக்குத் தலை வாரிவிட்டாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் சேவக் சார் எங்கள் வரப்புக்கு வந்தார். உங்க வயலிலும் சுருட்டு தெரிகிறது, சொஸைட்டியில் மருந்து வாங்கித் தருகிறேன், அடித்துவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையைச் சொறிந்தார். அம்மா களையைப் பிடுங்கிக்கொண்டே நிமிராமல் பதில் சொன்னாள்.

"எங்க வயலுக்கு மருந்து வேணாம் சார்."

அவர் ஏதோ விளக்க ஆரம்பித்தார். அம்மா அதே வார்த்தைகளை இன்னொரு தடவை சொன்னாள். அவர் நோட்டை எடுத்து ஒரு வரி எழுதிக்கொண்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். ஊரில் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்கள், பொண்டாட்டி சொல்லைக் கேட்டு வெள்ளாமையை விடுகிறவன் என்று.

மார்கழி பிறந்தது. பண்ணை வயல்களுக்கு இரண்டாவது மருந்தும் அடித்து முடித்திருந்தார்கள். பதினைந்து இருபது நாள் இருக்கும், பயிர் பொதி கட்டிக் கதிர் வெளிவருகிற நேரம், நடு வயலில் வட்டமாக ஓரிடம் மஞ்சளாயிற்று. பிறகு பழுப்பு. பிறகு காய்ந்த வைக்கோல். அடுப்பிலிருந்து இறக்கிய அண்டாவைப் பயிரின் மேல் வைத்து எடுத்த மாதிரி வட்டம் வட்டமாக. புகையான் விழுந்துவிட்டது என்றார்கள். அதற்கு முன்பும் புகையானைக் கண்டவர்கள் உண்டு, ஆனால் இப்படிப் பார்த்ததில்லை. பயிரின் அடித்தூரை விலக்கினால் தண்ணீருக்கு மேலே பழுப்பு நிறத்தில் அந்தப் பூச்சி தவிட்டைத் தூவிய மாதிரி அப்பியிருக்கும். விளக்கு வைத்தால் வீட்டுக்குள் வந்து சோற்றில் விழும். சேவக் சார் எழுதிக் கொடுக்க, பண்ணையார் மூன்றாவது தடவையும் அடிக்கச் சொன்னார். வட்டங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டன.

எங்கள் ஐந்து மா பச்சையாக நின்றது. சுற்றிலும் காய்ந்த வயல்களுக்கு நடுவே அதைப் பார்க்க அப்பாவுக்கு சந்தோஷம் வரவில்லை, பயம் வந்தது. முதலில், வேலைநிறுத்தம் செய்தவர்கள் மருந்துப் பீப்பாயில் எதையோ கலந்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பியது. அது எடுபடவில்லை, பீப்பாய்க்குப் பண்ணையே காவல் வைத்திருந்தது. பிறகு காரியக்காரர் வேறொன்றைப் பிடித்தார். மருந்தடிக்காத வயலில் பூச்சி பெருகி, அங்கிருந்துதான் பண்ணைக்குப் பரவியிருக்கிறது, குத்தகைக்காரன் அஜாக்கிரதையால் வெள்ளாமை நாசம் என்று வக்கீலை வைத்து ரெவின்யூ கோர்ட்டில் மனுப் போட்டார்கள். அஜாக்கிரதை நிரூபணமானால் குத்தகைக்காரனை வெளியேற்றலாம் என்று சட்டத்தில் இருந்தது. சாட்சி, சேவக் சாரின் நோட்டில் இருந்த அந்த ஒரு வரி: 'மருந்தடிக்க மறுப்பு.'

அந்த நோட்டீஸை அப்பா டீக்கடையில் படிக்கக் கேட்டுவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அம்மா என்னை மறுபடி படிக்கச் சொன்னாள். 'அஜாக்கிரதை' என்ற வார்த்தையில் நான் தடுக்கினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். கவனமில்லாமல் இருப்பது என்றேன். அவள் அந்த வார்த்தையை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

எனக்கு சேவக் சார் மேல் அப்படி ஒரு ஆத்திரம். டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான் என்பதை நினைக்கும்போதெல்லாம், மருந்தை ஊருக்குக் கொண்டுவந்தது அவர் என்று சேர்த்து நினைத்துக்கொள்வேன், கொஞ்சம் லேசாக இருக்கும். மறுநாள் விடிகாலையில் டீக்கடை வாசலில் அவர் சைக்கிள் நின்றது. இரண்டு சக்கரத்திலிருந்தும் காற்றைப் பிடித்து வைக்கிற வால்ட்யூப்பைப் பிடுங்கி வடிகாலில் எறிந்துவிட்டு ஓடிவந்தேன்.

அவர் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, குறுக்கு வழியாக எங்கள் வரப்பில் நடந்து வந்தார். அதற்கு முன்னால் அவர் அந்த வேளையில் அந்த வழியில் நடந்ததே இல்லை, எப்போதும் ரோட்டில் சைக்கிள்தான். பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வயல் முழுக்கக் கதிருக்குக் கதிர் சிலந்தி வலை, ஒவ்வொரு வலையிலும் பனித்துளி கோத்திருந்தது. சூரியன் எழும்புகிற நேரம். அவர் நின்றுவிட்டார். பண்ணை வயலைத் திரும்பிப் பார்த்தார், அங்கே ஒரு வலைகூட இல்லை. மறுபடி எங்கள் வயலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, பேண்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

நான் வடிகால் கரையில் ஒளிந்திருந்தேன். என்னைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து இன்னும் தாழக் குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து அடித்தூரை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே வயலின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார், முழங்கால் வரை சேறோடு. பண்ணை வீட்டில் சாப்பிடுகிற யாரும் அதுவரை எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை. அம்மாவிடம், வெள்ளையாக ஒரு தட்டு இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். எங்களிடம் ஓரம் தெறித்த பீங்கான் பூச்சுத் தட்டு ஒன்றே ஒன்று இருந்தது, தங்கச்சி சாப்பிடுவது. அம்மா அதை எடுத்துக் கொடுத்தாள், ஆனால் முகத்தைப் பார்த்துக் கொடுக்கவில்லை.

வயலில் அந்தத் தட்டை அடித்தூரோரம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தூரைத் தட்டுவார். உதிர்கிறதை எண்ணி எழுதுவார். எங்கள் வயலில் பத்து தூர், பண்ணை வயலில் பத்து தூர். சோறு சாப்பிடுகிற தட்டில் பூச்சி பொறுக்குகிறாரே என்று தெருவே வந்து பார்த்தது. அம்மாவால் கொஞ்ச நேரம்தான் பொறுக்க முடிந்தது. அவர் மிகவும் மேலே தட்டுகிறார், அவ்வளவு மேலே தட்டினால் எப்படி விழும், தண்ணீரை ஒட்டியல்லவா உட்கார்ந்திருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே அவளும் இறங்கினாள். அவள் கண் அவர் கண்ணாடியை விடக் கூர்மை. தண்ணீர் மேல் கால் நனையாமல் ஓடுகிற பூச்சி, வலை கட்டாமல் துரத்திப் பிடிக்கிற சிலந்தி, பொட்டு மாதிரி வண்டு, அரிசிக் குருணை அளவு பச்சைப் பூச்சி ஒன்று, எல்லாவற்றையும் சுட்டிக்காட்டினாள். ஒரு இடத்தில் தூரோடு ஒட்டி, வெள்ளைப் பூசணம் பூத்துச் செத்துப்போயிருந்த புகையான்கள் இருந்தன. அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

ஐந்து நாள் தொடர்ந்து வந்தார். ஐந்து நாளும் அப்பா தன் வேலையை விட்டுவிட்டு அவர்களோடு தண்ணீரில் நின்றார். அவருக்கு எண்ணவும் தெரியாது, பூச்சியில் அக்கறையும் இல்லை. சும்மா நிற்பார். வேலையைக் கெடுத்துக்கொண்டு எதற்கு நிற்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஒரு பெண்ணும் வெளியூர் உத்தியோகஸ்தரும் வயலில் நின்றால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவிடம் போகாதே என்று சொல்வதற்குப் பதிலாகத் தானும் போய் நின்றிருக்கிறார்.

எங்கள் வயலிலும் புகையான் இருந்தது. அதுதான் எனக்கு ஆச்சரியம். தூருக்கு இரண்டோ மூன்றோ இருந்தது, சிலந்தியும் கூடவே இருந்தது. பண்ணை வயலில் தட்டினால் தட்டே பழுப்பாகிவிடும், சிலந்தி ஒன்றுகூட விழாது. பல வருஷங்கள் கழித்து என் மகள் விவசாயக் கல்லூரியில் படித்தபோது விளக்கினாள். மருந்து சிலந்தியையும் பச்சைப் பூச்சியையும் கொன்றுவிடும். புகையான் முட்டைகள் இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். அவை பொரித்து வரும்போது தின்பதற்கு ஆளில்லை. யூரியாவில் கொழுத்த பயிர் வேறு அதற்கு விருந்து. எங்கள் தழைச் சேற்றிலும் பாசித் தண்ணீரிலும் பிறந்த கொசுவையும் புழுவையும் தின்றே, புகையான் வருவதற்கு முன்பே சிலந்திகள் பெருகி நின்றிருக்கின்றன. இதில் ஒன்றுகூட அன்றைக்கு எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அவள் பிள்ளையை நினைத்து வேண்டாம் என்றாள், அவ்வளவுதான்.

ஆறாம் நாள் சேவக் சாரின் தகரப் பெட்டியையும் பாயையும் வண்டிக்கொட்டகை வாசலில் வைத்துவிட்டார்கள். அவர் யாரிடமும் ஒன்றும் கேட்காமல், சொஸைட்டி விதைக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்துக்கொண்டார். அப்போதும் எங்கள் தெருவில் பாதிப்பேர் நம்பவில்லை. எல்லாம் நாடகம், விசாரணையில் மாற்றிச் சொல்லத்தான் போகிறார் என்றார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார் என்று அம்மா பின்னால் ஒரு தடவை சொன்னாள்.

நான் மட்டும் ஒரு நாள் கிடங்குக்குப் போய், வால்ட்யூப்பைப் பிடுங்கியது நான்தான் என்று சொன்னேன். அவர் நெல் மூட்டை மேல் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தங்கச்சி இப்ப நல்லா சாப்பிடுதா?" என்று கேட்டார். சாப்பிடுகிறாள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஊசியில் நூலைக் கோக்க ஆரம்பித்தார். எனக்குப் போவதா நிற்பதா என்று தெரியவில்லை. ஊசியை வாங்கி நூலைக் கோத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தை மாதம் அறுப்புக்கு முன்னால் ரெவின்யூ கோர்ட் அதிகாரி வயலைப் பார்வையிட வந்தார். பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பண்ணையார் வரவில்லை. வக்கீலும் காரியக்காரரும் வந்திருந்தார்கள். ஊர் முழுக்க வேலியோரம் நின்றது, ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நாங்கள். ஏன் மருந்தடிக்கவில்லை என்று அதிகாரி அப்பாவைக் கேட்டார். அப்பா மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தப்புதாங்க என்று ஆரம்பித்தார். பயந்தால் எல்லாவற்றுக்கும் தப்பு என்று சொல்லிவிடுவது அவர் பழக்கம், அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது.

அம்மா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"அவரு அடிக்கத்தான் பாத்தாருங்க. நான்தான் வேணாம்னேன். மருந்து பட்ட தண்ணியக் குடிச்சு எம் புள்ளை சாவக் கெடந்துச்சு. அந்த வயல்ல மீனு புடிச்சு, கீரை பறிச்சுத் திங்கிற குடும்பங்க நாங்க. அதுல எப்படிங்க வெஷத்தை ஊத்தச் சொல்லுவேன்? கவனமில்லாம விட்டேன்னு எழுதியிருக்காங்களாம். கவனமா இருந்ததாலதாங்க விட்டேன்."

அவளைப் பேசாதே, போய் உட்கார் என்று யாரும் தடுக்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு சேவக் சாரைக் கூப்பிட்டார்கள்.

அவர் நோட்டைத் திறந்து, எந்த நாள், எந்த வயல், எத்தனை தூர், எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தி என்று ஒவ்வொன்றாகப் படித்தார். குத்தகைக்காரர் வயலிலிருந்து பூச்சி பரவியதாகச் சொல்ல முடியாது, மருந்தடித்த வயல்களில்தான் அது பெருகியிருக்கிறது என்று முடித்தார். வக்கீல் எழுந்தார். காரணம் என்ன என்று கேட்டார். காரணம் எனக்குத் தெரியாது, எண்ணியதைச் சொன்னேன் என்றார் சார். அப்படியானால் மூன்று தடவை மருந்தடிக்கச் சொல்லி சிபாரிசு எழுதிக் கொடுத்தது யார் என்று வக்கீல் கேட்டார்.

"நான்தாங்க."

"அது தப்புன்னு இப்ப சொல்றீரா?"

அதிகாரி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யோசித்துச் சொல்லுங்கள், எழுதினால் எழுதினதுதான் என்றார். மேலே இருந்து வந்த உத்தரவு என்று சொல்லியிருந்தால் போதும், யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. நானும் ஒரு சர்க்கார் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி எத்தனையோ பேர் தப்பித்ததைப் பார்த்திருக்கிறேன். நானே சொல்லித் தப்பித்திருக்கிறேன்.

"தெரியாமச் சொல்லிட்டேங்க," என்றார் சேவக் சார். "பண்ணையார் வெள்ளாமை போனதுக்கு என் சிபாரிசுதான் காரணம். இவங்க இல்லை. எழுதிக்குங்க."

பண்ணையின் மனு தள்ளுபடி என்று மாசியில் உத்தரவு வந்தது. அதற்குள் அறுப்பு முடிந்து பத்தாயத்துக்கு நெல் வந்திருந்தது. சித்திரையில் அப்பாவின் பெயர் பதிவேட்டில் ஏறியது. கதை அதோடு நல்லபடியாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்த வருஷமே ஊர் முழுக்க மறுபடி மருந்தடித்தார்கள், வேறு பெயரில் வேறு மருந்து. அம்மா இருந்த வரைக்கும் எங்கள் ஐந்து மாவுக்கு அடிக்கவில்லை. அவளுக்குப் பிறகு அப்பாவே அடித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, தனியாளாக என்னதான் செய்வார்.

சேவக் சாருக்கு உத்தரவுக்கு முன்பே மாற்றல் வந்துவிட்டது, ராமநாதபுரம் ஜில்லாவில் தண்ணீரே இல்லாத ஏதோ ஊருக்கு. அவர் கிளம்பிய அன்று காலை அப்பா விதைக் கிடங்குக்குப் போனார், நானும் கூடப் போனேன். பெட்டியைத் தலையில் தூக்கிக்கொள்ளக் குனிந்தார் அப்பா. அவர் விடவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பெட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு காதைப் பிடித்துக்கொண்டு வரப்பில் பக்கவாட்டாக நடந்தார்கள், ஒருவர் வழுக்கினால் மற்றவர் நிற்பார். அப்பாவுக்கு அவரோடு என்ன பேசுவதென்று எப்போதுமே தெரிந்ததில்லை.

கும்பகோணம் பஸ் வந்தது. சார் படியில் ஏறினார், அப்பா பெட்டியை மேலே தள்ளினார். நெருக்கத்தில் பெட்டி இடித்ததில் கண்டக்டருக்குக் கோபம். சேறு படிந்த காலோடு நின்ற அப்பாவைப் பார்த்தார், கண்ணாடி போட்டவரைப் பார்த்தார். "யாருய்யா இவரு, உங்க பண்ணை ஐயாவா?" என்று கேட்டார்.

அப்பா மேல்துண்டைக் கக்கத்திலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்க தம்பிங்க," என்றார். "ஒக்கார எடம் பாத்துக் குடுங்க."

பஸ் நகர்ந்தது. சேவக் சார் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார், வளைவு திரும்புகிற வரைக்கும்.